கிளாம்பாக்கம் ரயில் நிலையம்: பேருந்துப் படியிலிருந்து ரயில் பெட்டி வரை

ஊரப்பாக்கம்,
2024 செப்டம்பர்.

தெற்கு ரயில்வேயின் பொறியாளர்களுக்கும், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தாருக்கும், கும்டா என்று எல்லோரும் சுருக்கி அழைக்கும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தாருக்கும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே, கிளாம்பாக்கத்தில், வெளியூர்ப் பேருந்து முனையத்துக்கு எதிரே, புதிய புறநகர் ரயில் நிலையம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வழியே நாள்தோறும் போய்வருகிற பயணி என்ற ஒரே தகுதியில் இம்மடலை எழுதுகிறேன். பொறியியல் எனக்குத் தெரியாது. மூட்டையோடு படியேறத் தெரியும். கண்ணெதிரே ஒரு வண்டி போய்விட்டால் அடுத்ததற்குக் கால்கடுக்க நிற்கத் தெரியும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பேருந்திலிருந்து இறங்கியவர் மின்சார ரயிலின் பெட்டிக்குள் கால் வைக்கும் வரை நடக்கிற தூரம் முழுவதையும் ஒரே வேலையாக எண்ணிக் கட்டி முடியுங்கள். அதில் ஒரு துண்டு குறையாய்க் கிடக்கும்போது இன்னொரு துண்டுக்கு மட்டும் திறப்பு விழா நடத்திவிடாதீர்கள்.

இப்படிக் கேட்பதற்கு எங்கள் பட்டறிவே காரணம். கோயம்பேடு பேருந்து நிலையம் 2002 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் வாசலுக்கு ரயில் வந்தது 2015 ஜூன் மாதத்தில், மெட்ரோவின் முதல் தடம் ஆலந்தூர் வரை ஓடத் தொடங்கியபோதுதான். இடைப்பட்ட பன்னிரண்டரை ஆண்டுகளில் அங்கு வந்திறங்கிய வெளியூர்க்காரர் ஒவ்வொருவரும் மாநகரப் பேருந்துக்கோ ஆட்டோவுக்கோதான் கையேந்தினார். ஒருவழியாக ரயில் வந்து, நடைபாதைகள் பழகி, மக்களுக்கு வழி மனப்பாடமான பிறகு, 2023 டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகளில் பெரும்பாலானவை அடுத்த சில வாரங்களில் அங்கே இடம்பெயர்ந்தன. ஏறத்தாழ 88 ஏக்கர் நிலம், 390 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. முனையத்தைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. உள்ளே போனால் வெளிச்சமும் காற்றோட்டமும் உண்டு, பொங்கல் தீபாவளிக் கூட்டத்தைத் தாங்குகிற இடமும் உண்டு. பெருங்களத்தூரில் பண்டிகைக்கு முந்தைய இரவுகளில் நெரிசலில் நின்று பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் முனையத்துக்கு நேரெதிரே, ஜி.எஸ்.டி. சாலைக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தும் அது நிற்க ஓர் இடம் இல்லாமலேயே முனையம் திறக்கப்பட்டது. கோயம்பேட்டில் செய்த பிழையைக் கோயம்பேட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, இருபத்தோரு ஆண்டு கழித்து மறுபடியும் செய்திருக்கிறோம்.

அதிகாலை நாலரை மணிக்கு அங்கே நடப்பதைச் சொல்கிறேன். அந்த நேரத்தில்தான் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். போன மாதம் ஒரு நாள் என் அண்ணியை அழைத்துவரப் போயிருந்தேன். பக்கத்துப் பேருந்திலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். தலையில் துண்டு, ஒரு கையில் கட்டைப்பை, மறுகையில் சாக்குக்குள் கட்டிய பலாப்பழம். சாக்கை மீறி வாசம் வந்தது. மகன் வீடு குரோம்பேட்டையில் என்றார். “ரயில் எங்கிட்டு தம்பி நிக்கும்?” என்று கேட்டார். ரயில் ஓடுகிற சத்தம் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. வண்டலூருக்குப் பேருந்தில் போய், இறங்கி, நடந்து, படியேறி, படியிறங்கினால் நிற்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; தாம்பரம் பேருந்தைக் காட்டிவிட்டேன். சாக்கைத் தரையில் வைத்து, கைமாற்றிப் பிடித்து, மறுபடியும் தூக்கிக்கொண்டு போனார். உங்கள் வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு கோட்டையும் அந்தப் பலாப்பழத்தோடு நடந்து பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பெட்டியும் சக்கரமுமாக வருகிறவரைக் காட்டிலும் சாக்கும் கட்டைப்பையுமாக வருகிறவரே இந்த முனையத்தில் அதிகம்.

நிலையத்துக்கான செலவை வளர்ச்சிக் குழுமம் ஏற்று, ஏறத்தாழ 20 கோடி ரூபாயை ரயில்வேக்குத் தர, ரயில்வே கட்டுகிறது. இந்த ஏற்பாடு நல்லதுதான். ஆனால் முனையத்தையும் நிலையத்தையும் இணைக்கப்போகும் ஆகாய நடைபாதை தனி வேலை, தனி ஒப்பந்தம், தனி மதிப்பீடு. அதன் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். மதிப்பீடோ நிலையத்தின் செலவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அது சாலையைத் தாண்டித் தனியார் நிலத்தின் மேல் போக வேண்டியிருக்கிறது, அந்த நிலமெடுப்பு இன்னும் முடிந்தபாடில்லை. ஆக, நடைமேடை முதலில் முடியும், நடைபாதை பின்னால் வரும் என்பது இப்போதே கண்ணுக்குத் தெரிகிறது. என் கவலையெல்லாம் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

நிலம் கிடைக்காத ஒரு சிறு துண்டு எவ்வளவு காலத்தை விழுங்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. கடற்கரையிலிருந்து கிளம்பும் பறக்கும் ரயில் 2007 நவம்பரில் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர். அடுத்த ஆண்டே வேலை தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கத்தில் ஏறத்தாழ 500 மீட்டர் நிலத்துக்கான வழக்குகளில் பாலம் அந்தரத்தில் நின்றது. பதினாறு ஆண்டுகள் ஆகியும் அந்தத் தடத்தில் இன்னும் ரயில் ஓடவில்லை. வேளச்சேரியில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் இன்று தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். கிளாம்பாக்கத்தின் 400 மீட்டரும் அந்த 500 மீட்டரைப்போல் ஆகிவிடக்கூடாது. நிலத்தின் சொந்தக்காரர் வழக்குத் தொடுத்தால் அது அவருடைய உரிமை. அவரைக் குறைசொல்ல நான் வரவில்லை. நியாயமான இழப்பீட்டை முன்கூட்டியே பேசி முடிப்பதும், வழக்கு நீண்டால் என்ன மாற்றுவழி என்பதை இன்றைக்கே வரைந்து வைப்பதும் தங்கள் பொறுப்பு என்று மட்டும் சொல்கிறேன்.

நடைபாதை முடியாமல் நிலையம் மட்டும் திறந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மக்கள் ஜி.எஸ்.டி. சாலையை நடந்தே கடப்பார்கள். தடுப்புச்சுவரில் எங்கே உடைப்பு இருக்கிறதோ அங்கே கடப்பார்கள். உடைப்பு இல்லையென்றால் ஒரு மாதத்தில் உண்டாக்குவார்கள். சாலையைத் தாண்டியதும் மேம்பாலத்தைச் சுற்றிப் போகச் சோம்பிய கால்கள் தண்டவாளத்தில் இறங்கும். 2023 அக்டோபரில் இதே ஊரப்பாக்கத்துக்கு அருகே தண்டவாளம் கடந்த மூன்று சிறுவர்கள் ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். அன்றைக்கு இரண்டு நாள் எல்லோரும் பேசினோம். வேலி போட்டால் போதும் என்று சொல்லிக் கலைந்தோம். குறுக்குவழியைவிட எளிதான வழி கண்ணெதிரே இருந்தால்தான் வேலிக்கு மதிப்பு உண்டு என்பதைத் தண்டவாளம் ஓரம் குடியிருக்கும் எங்களைவிட நன்றாகத் தாங்கள் அறிவீர்கள்.

இதில் வரைபடம் சார்ந்த ஒரு நுணுக்கமும் இருக்கிறது; இதையே இம்மடலின் மையம் என்று கொள்ளலாம். உயர்மின்கம்பி ஓடும் தடத்தின் மேல் பாலம் போட வேண்டுமானால் தண்டவாளத்திலிருந்து ஆறு மீட்டருக்கும் மேலே அது அமைய வேண்டும். படி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் நாற்பது படியளவு உயரம். ஆகாய நடைபாதையும் நிலையத்தின் நடைமேம்பாலமும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு துறைகளால் கட்டப்பட்டு, நடுவில் தரையில் சந்தித்துக்கொண்டால், அந்தப் பெரியவர் முனையத்தில் ஒருமுறை ஏறி, சாலைக்கு அப்பால் இறங்கி, நிலையத்தில் மறுபடி ஏறி, நடைமேடைக்கு மறுபடி இறங்க வேண்டும். நாற்பது படி எண்பதாகிவிடும், இறக்கம் தனிக்கணக்கு. ஒருமுறை ஏற்றம், ஒருமுறை இறக்கம், நடுவே சமதளம் என்பதைக் கல்வெட்டுபோல் எழுதிவைத்துக்கொண்டு இரண்டு வரைபடங்களையும் ஒரே மேசையில் விரித்துப் பாருங்கள். பாலத்தின் தரைமட்டம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்தூக்கியும் நகரும் படியும் இரு முனையிலும் இருக்க வேண்டும். பயணச்சீட்டு கொடுக்கும் இடம் அந்த மேல்தளத்திலேயோ முனையத்துக்குள்ளேயோ இருக்க வேண்டும். கீழே இறங்கிச் சீட்டு வாங்கிக்கொண்டு மேலே வா என்று சொல்லும் நிலையங்களை இந்த ஊரில் நிறையப் பார்த்தாயிற்று.

அகலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மும்பையில் அன்று எல்பின்ஸ்டன் ரோடு என்ற பெயரோடு இருந்த நிலையத்தில், 2017 செப்டம்பர் 29ஆம் நாள் காலை, மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும் ரயிலிலிருந்து இறங்கி வந்தவர்களும் ஒடுக்கமான மேம்பாலப் படியில் நெருக்கியதில் 23 பேர் இறந்தார்கள். நெருக்கடி ஏற்பட்டது ரயிலிலும் அல்ல, நடைமேடையிலும் அல்ல, படியில். கிளாம்பாக்கத்தின் இயல்பே கொத்துக்கொத்தாகக் கூட்டம் வருவதுதான். பத்து நிமிடத்தில் இருபது பேருந்துகள் வந்து, பேருந்துக்கு நாற்பது பேர் என்றால் எண்ணூறு பேர். அதில் பாதிப்பேர் ரயிலை நாடினாலும் நானூறு பேர், ஆளுக்கு இரண்டு மூட்டையோடு. சாதாரணப் புறநகர் நிலையத்துக்குப் போடும் கணக்கு இங்கே பொருந்தாது. பன்னிரண்டு பெட்டி மின்சார ரயில் நிற்க 250 மீட்டருக்குக் குறையாத நடைமேடை வேண்டும். அவ்வளவு நீளத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு படிக்கட்டை ஒரு முனையில் வைத்தால் கூட்டமெல்லாம் அந்த முனைப் பெட்டிகளிலேயே தொங்கும். கூரையும் அந்த நீளத்துக்கு வேண்டும். கூரை பாதியில் நின்றால் மழை நாளில் நடைமேடையும் பாதிதான்.

தொங்குகிறவர்கள் என்றதும் 2018 ஜூலை 24 நினைவுக்கு வருகிறது. மின்கம்பி அறுந்ததால் புறநகர் ரயில் ஒன்றை விரைவுத் தடத்துக்குத் திருப்பி விட்டார்கள். பரங்கிமலை நிலையத்தில் அந்தத் தடத்தை ஒட்டி நின்ற கான்கிரீட் சுவரில் மோதிப் படியில் தொங்கி வந்த ஐந்து பேர் இறந்தார்கள். தொங்கியது தவறு என்று சொல்லிவிடலாம். ஆனால் கூட்டம் பிதுங்கும் வண்டி என்றாவது ஒரு நாள் அந்தத் தடத்திலும் வரும் என்பதை அந்தச் சுவரைக் கட்டும்போது எவராவது நினைத்துப் பார்த்திருக்கலாம். தாம்பரம், செங்கல்பட்டு இடையே இப்போது மூன்று தடங்கள் உள்ளன. கிளாம்பாக்கத்தில் எந்தத் தடத்திலும் எந்த வண்டியும் வரக்கூடும் என்று வைத்துக்கொண்டு சுவரும் கம்பமும் நடுங்கள். நான்காம் தடம் வரும் நாளில் இன்றைக்குக் கட்டும் தூணையும் படியையும் இடிக்க வேண்டிவராதபடி இடம் விட்டும் வையுங்கள்.

அடுத்தது ரயில். நிலையம் கட்டினால் ரயில் தானாக வந்துவிடும் என்று பேசுகிறோம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று தாம்பரத்தில் போட்ட எல்லைக்கோடு இன்றும் அழியவில்லை. கடற்கரையிலிருந்து கிளம்பும் வண்டிகளில் பல இன்றும் தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. செங்கல்பட்டு வரை வருபவை அவற்றைவிடக் குறைவு. கிளாம்பாக்கம் தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே இப்போதைய கால அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு நிலையத்தைத் திறந்தால், அதிகாலையில் நானூறு பேர் நடைமேடையில் உட்கார்ந்து கொசுக்கடியில் காத்திருப்பார்கள்; இரண்டாம் நாள் அவர்களில் பாதிப்பேர் பழையபடி தாம்பரம் பேருந்துக்கே போய்விடுவார்கள். அதன்பிறகு எண்ணிக்கையைக் காட்டி, பயணிகள் வரவில்லை என்று அறிக்கை எழுதுவது எளிது.

இதில் உள்ள இக்கட்டும் எனக்குத் தெரியாமல் இல்லை. பேருந்துகள் வந்து சேரும் அதே விடியற்காலையில்தான் தென் மாவட்டத்து விரைவு ரயில்களும் வரிசையாக எழும்பூரையும் தாம்பரத்தையும் நோக்கி வருகின்றன. இருக்கும் மூன்று தடங்களில் அவற்றுக்கு வழிவிட்டு, நடுவே புறநகர் வண்டிகளைச் செருகி, ஒவ்வொன்றுக்கும் புதிய நிறுத்தம் ஒன்றால் ஓரிரு நிமிடம் கூட்டுவது எளிய வேலை அன்று. எளிதல்ல என்பதால்தான் கட்டடம் முடியும்வரை காத்திராமல் இப்போதே அட்டவணை போடுகிறவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்கிறேன். அதிகாலை மூன்றரை முதல் ஏழு வரையிலும், இரவு எட்டு முதல் பதினொன்றரை வரையிலும், தாம்பரத்தோடு முடியும் வண்டிகளில் எத்தனையைக் கிளாம்பாக்கம் தாண்டிக் கூடுவாஞ்சேரி வரை நீட்ட முடியும்? ஞாயிறு அட்டவணை என்று வண்டிகளைக் குறைக்கும் வழக்கத்தை இந்தத் தடத்தில் மட்டும் கைவிட முடியுமா? ஊருக்குப் போனவர்கள் திரும்புவது ஞாயிறு இரவும் திங்கள் விடியலும்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில உண்டு. இரவெல்லாம் பேருந்தில் வந்தவர் ஏறப்போகும் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது; எனவே நடைமேடையில் கழிப்பறை இருந்தே ஆக வேண்டும், அது விடியற்காலையில் திறந்தும் இருக்க வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிலையத்தில் கழிப்பறைக் கதவின் பூட்டு துருப்பிடித்திருந்ததையும், அதற்குப் பக்கத்திலேயே “தூய்மை காப்போம்” என்று பளிச்சென்று எழுதியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். நடைமேடையின் விளிம்புக்கும் பெட்டியின் தளத்துக்கும் இடையே நம் நிலையங்களில் ஏறக்குறைய ஒரு படியளவு உயர வேறுபாடு இருக்கும். சேலை கட்டிய பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதில் ஏறுவதை நின்று பார்த்தால் புதிய நடைமேடையின் உயரத்தை எங்கே வைக்க வேண்டும் என்பது விளங்கும். மின்தூக்கிகள் இருக்கும் இடத்தில் அவற்றை இயக்க ஆள் இல்லை என்று இரவு ஒன்பது மணிக்கே நிறுத்திவிடுவதும் வழக்கமாகிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதில் இரவு ஒன்பது மணி வரை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மழையை நான் நினைவூட்டத் தேவையில்லை. முனையத்தின் வாசலில் சாலையில் தேங்கிய வெள்ளத்துக்காகத் திறப்புக்கு முன்பே வடிகால் கட்ட வேண்டிவந்த கதை தங்களுக்குத் தெரிந்ததுதான். நிலையத்துக்காக மண் கொட்டி உயர்த்தும்போது அந்த நீர் போகும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருக்களுக்கு அது வரக்கூடாது.

முனையத்துக்கு வருகிறவர்களைப் பற்றியே பேசிவந்தேன். தடத்துக்கு அந்தப் புறம் குடியிருப்பவர்களும் இந்த நிலையத்துக்குப் பயணிகளே. சாலைப் பக்கம் மட்டும் வாசல் வைத்து, அவர்கள் பக்கம் சுவர் எழுப்பினால், அவர்கள் எப்படி உள்ளே வருவார்கள் என்பதை மேலே எழுதிவிட்டேன். அந்தப் பக்கத்துக்கும் ஒரு வாசல், ஒரு படி, ஒரு பயணச்சீட்டு இயந்திரம், பத்து ஆட்டோவும் நூறு இருசக்கர வண்டியும் நிற்க ஓர் இடம் வேண்டும். செலவு பெரிதாக இராது.

கடைசியாக, தங்களிடமிருந்து எழுத்தில் ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன். நிலையமும் ஆகாய நடைபாதையும் ஒரே நாளில் திறக்கப்படுமா? ஆம் என்றால் இரண்டுக்கும் பொறுப்பான அலுவலர் ஒருவரை, மூன்று துறைகளுக்கும் பொதுவாக, கும்டாவே அமர்த்தட்டும். வேலை எந்த அளவில் இருக்கிறது என்பதை மாதம் ஒருமுறை முனையத்தின் தகவல் பலகையில் தமிழில் ஒட்டச் செய்யட்டும். இல்லை, நிலையம்தான் முதலில் வரும் என்றால், நடைபாதை முடியும் வரைக்கும் சாலையைக் கடக்கச் சிக்னலும், இருபத்துநான்கு மணி நேரமும் போக்குவரத்துக் காவலரும், முனையத்தின் வாசலிலிருந்து நிலைய வாசலுக்கு மூட்டையோடு ஏறக்கூடிய சிறு பேருந்தும் திறப்பு நாளன்றே ஆயத்தமாக இருக்க வேண்டும். இவ்விரண்டில் எது என்பதை அடுத்த தீபாவளிக் கூட்டத்துக்கு முன்பாகத் தெரிவித்தால் நன்று. எங்கள் தெருவில் பலர் அப்போது ஊருக்குப் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஊரப்பாக்கத்திலிருந்து நாள்தோறும் நகருக்குப் போய்வரும் பயணி.